புது ஸ்பீக்கர் வயர் 200 மணி நேரம் ஓடினால்தான் பழகுமா?

இணுவில் இரசிகன் (சனி, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். ரொரன்ரோவில் இருக்கிற மச்சான் போன மாதம் வந்தபோது ஸ்பீக்கர் வயர் இரண்டு சோடி கொண்டு வந்தார். 3 மீற்றர் நீளம், 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு, முனையில் தங்க முலாம் பூசிய பிளக். ஒரு சோடி எனக்கு, மற்றது கோண்டாவிலில் இருக்கிற அவருடைய தம்பிக்கு. கூட வந்த துண்டுத்தாளில், 200 மணி நேரம் ஓடிய பிறகுதான் உண்மையான ஒலி வரும் என்று அச்சடித்திருக்கிறார்கள்.

முதல் நாள் போட்டவுடனேயே பழைய வயரை விடத் தெளிவாக இருந்தது. ஆனால் கீழ்ச்சத்தம் கொஞ்சம் இறுக்கம். இரண்டு கிழமையாகத் தினமும் போட்டுக் கேட்கிறேன். இப்போது தவிலின் கீழ்ச்சத்தப் பக்கமான தொப்பியை அடிக்கும்போது நெஞ்சில் வந்து விழுகிறது. அன்றைக்கு இப்படி இருக்கவில்லை, சத்தியமாக. வலது பக்கம் மட்டும் இன்னும் முழுதாக வரவில்லை, இடது பக்கம் நன்றாக வந்துவிட்டது.

வயர் உண்மையில் பழகுகிறதா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரொரன்ரோ நல்லூரான் (சனி, இரவு 10:15)

நான்தான் அந்த மச்சான். என் அனுபவத்தில் ஓம், பழகும். இங்கே என் வீட்டிலும் இதே வயர்தான். முதல் கிழமை மேல்சுரங்கள் கூராகக் குத்தின, மூன்றாவது கிழமையில் இளகிவிட்டன. செப்பைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் மின்புலத்துக்குள் கிடந்து ஒரு நிலைக்கு வர நேரம் எடுக்கும் என்று படித்தேன். பொறுமையாக இரு, வலது பக்கமும் வரும்.

பௌதிக வாத்தி (சனி, இரவு 11:02)

உயர்தரப் பிள்ளைகளுக்கு மின்னோட்டம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

வயர் என்பது மூன்று விடயம்: தடை, கொள்ளளவம் (மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் அளவு), தூண்டுதிறன் (ஓட்டம் மாறுவதை எதிர்க்கும் அளவு). செப்பின் தடைத்திறன் தெரியும், ஆகவே 3 மீற்றர் வயரில் போகவர 6 மீற்றருக்கு ஏறக்குறைய 41 மில்லி ஓம். உங்கள் ஸ்பீக்கர் பெட்டி 8 ஓம். இந்த 41இல் பழகுவதால் எவ்வளவு மாற முடியும்? செப்பின் தடை வெப்பநிலையோடு ஒரு பாகைக்கு 0.39 சதவீதம் மாறும். மத்தியானத்துக்கும் விடியப்புறத்துக்கும் 8 பாகை வித்தியாசம் என்றால் உங்கள் வயர் ஒவ்வொரு நாளும் 1.3 மில்லி ஓம் ஏறி இறங்குகிறது. அதைச் சத்தமாகக் கணக்கிட்டால் ஒரு டெசிபலில் ஆயிரத்தில் ஒரு பங்களவுதான். அதை ஒருவரும் கேட்டதாகச் சொல்வதில்லை.

இலத்திரன்கள் ஓடி ஓடி வழி போடும் என்றும் சிலர் சொல்வார்கள். இந்த வயரில் 1 அம்பியர் போனால் இலத்திரனின் நகர்வு வேகம் ஒரு செக்கனுக்கு 0.03 மில்லிமீற்றர். பாட்டு ஆடலோட்டம் என்பதால் அதுகூட முன்னே போவதில்லை. 50 ஹேர்ட்ஸ் சத்தத்துக்கு இருந்த இடத்திலேயே மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முன்னும் பின்னும் அசையும், அவ்வளவுதான். செப்பின் பளிங்கு அமைப்பு மாற வேண்டுமானால் சில நூறு பாகை சூடு வேண்டும். அந்தச் சூட்டில் உங்கள் பிளாஸ்டிக் உருகிவிடும்.

நல்லூரான் சொன்ன பிளாஸ்டிக் விடயம் முழுப் பொய் இல்லை. காவலிப் பொருள் கொஞ்சம் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும், கொள்ளளவிகளில் அதை அளக்கலாம். ஆனால் ஸ்பீக்கர் வயரில் சில ஓம் சுமைக்குக் குறுக்கே சில நூறு பிக்கோபரட் கொள்ளளவம்தான் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு மாறினால் காதுக்கு வந்து சேர ஒன்றும் இல்லை.

மானிப்பாய் மோகனம் (ஞாயிறு, காலை 6:50)

சேர், கணக்கு விளங்குகிறது. ஆனால் ஒன்றும் மாறவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். நான் வயலின் படிப்பிக்கிறேன். புதுத் தந்தி போட்டால் சில நாள் சுருதி நிற்காது, நாதமும் பச்சையாக இருக்கும். தவிலுக்குப் புதுத்தோல் போட்டால் அடித்து அடித்துத்தான் பதம் வரும், மழை நாளில் அதே தோல் வேறு மாதிரிப் பேசும். இழுபட்டு நிற்கிற பொருள் எல்லாம் பழகும். வயர் இழுபட்டு நிற்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கேட்டவர் இரண்டு கிழமை தினமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார், அதை வைத்து யோசிக்க வேண்டும்.

தம்பி, தொப்பியா, மேல்சத்தப் பக்கமான வலந்தலையா? எந்த இடத்தில் எது மாறியது என்று சரியாகச் சொல்லுங்கள். "திறந்தது", "இளகியது" என்று சொன்னால் பிடித்துப் பார்க்க முடியாது.

இணுவில் இரசிகன் (ஞாயிறு, காலை 8:20)

தொப்பிதான் ரீச்சர். வலந்தலையின் டிக்கென்ற சத்தம் முதல் நாளும் இப்படித்தான் இருந்தது. நான் போட்டுப் பார்ப்பது யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய தவில் பதிவு ஒன்று. 1975இல் மறைந்த மனிதர், பதிவு அந்தக் காலத்து மோனோ, இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம்தான் போகும். தொப்பியின் அடி வலது பெட்டியில் மெலிவு, அதனால் தவில் முழுவதும் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது.

சுன்னாகம் சவுண்ட் (ஞாயிறு, காலை 9:05)

தம்பி, நான் முப்பது வருடமாகக் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் சவுண்ட் கட்டுகிறவன். ஒன்று கேட்கிறேன், நினைத்துப் பார்த்துச் சொல்லு. வயர் போட்ட கிழமையில் வேறு எதைத் தொட்டாய்? பெட்டியை நகர்த்தினாயா, அம்பிளிபயர் மாற்றினாயா, கட்டில் அலுமாரி ஏதும் இடம் மாறியதா? எல்லாவற்றையும் சொல்லு.

இணுவில் இரசிகன் (ஞாயிறு, காலை 9:48)

அண்ணை, ஒன்றும் நகர்த்தவில்லை. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியிருக்கிற ஃபோம் வளையம் உக்கிக் கொட்டிப் போய்விட்டது. இடது பெட்டிக்கு ஆடி அமாவாசைக்கு முன்னமே புதுசு ஒட்டினேன். வலது பெட்டிக்கு ஒட்டியதும் வயர் போட்டதும் ஒரே கிழமைதான். ஆனால் ஒரே கடையில், ஒரே ஃபோம்.

சுன்னாகம் சவுண்ட் (ஞாயிறு, காலை 10:10)

அதுதான்.

புது ஃபோம் இறுக்கமாக இருக்கும். கூம்பு வெளியே உள்ளே ஆட அது விடாது. ஓட ஓட இளகும், கூம்பு தானாக அதிர விரும்புகிற பரிவு மீடிறன் கீழே இறங்கும், கீழ்ச்சத்தம் வரும். முதல் சில பத்து மணி நேரத்தில்தான் மாற்றம் அதிகம். புது ஸ்பீக்கர் வாங்கினாலும் இப்படித்தான். அதை நான் கையாலேயே பார்ப்பேன், கூம்பை விரல் நுனிகளால் மெல்ல அழுத்தினால் புதுசுக்கும் ஓடியதுக்கும் வித்தியாசம் தெரியும். உன் இடது பெட்டி இரண்டு மாதம் ஓடியது, வலது பெட்டி இரண்டு கிழமை. வயர் இரண்டும் ஒரே நாளில் போட்டது. அப்படியென்றால் வயர் பழகியிருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா ஒன்றாகப் பழகியிருக்க வேண்டும்?

ஐந்து நிமிட வேலை ஒன்று சொல்கிறேன். அம்பிளிபயரை நிற்பாட்டிவிட்டு இடது வயரை வலதுக்கும் வலது வயரை இடதுக்கும் மாற்று. அதே மோனோப் பதிவைப் போடு. மெலிவு வயரோடு போனால் வயர் பழகவில்லை என்று எடு. பெட்டியோடு நின்றால் பெட்டி.

தும்பளை அப்பு (ஞாயிறு, பகல் 12:30)

பிள்ளைகள் கதைப்பதைப் படித்துக்கொண்டு இருந்தேன், நானும் ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

1990இல் சண்டையால் கரண்ட் போன பிறகு வடமராட்சியில் நாங்கள் பாட்டுக் கேட்ட விதம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பற்றரி தடைசெய்த பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் எடுத்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் றேடியோவைச் சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்போம். பழைய பற்றரிகளை வெயிலில் காய வைத்துத் திரும்பப் போட்டுப் பார்ப்போம். கிடைத்த வயரெல்லாம் வயர்தான், அழைப்பு மணிக்குப் போடுகிற மெல்லிய வயரும் ஓடியது.

அப்போது நான் கண்டது இதுதான். சத்தம் கரகரத்தால் நடுவில் இருக்கிற வயரை ஒருவரும் தொடுவதில்லை, முனையைத்தான் தொடுவோம். செப்பு கறுத்திருக்கும், சில வேளை பச்சை பூத்திருக்கும். கத்தியால் சுரண்டி முறுக்கிக் கட்டினால் உடனே குரல் தெளியும். எங்கள் ஊர் கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். உப்புக் காற்று செப்பை விடாது.

இன்னொன்று. முதல் சில நாள் அந்தக் கரகரப்பில் செய்தி விளங்காது. பத்து நாள் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். றேடியோ அதேதான், வயர் அதேதான், மிதித்த மருமகனும் அதே ஆள்தான்.

பௌதிக வாத்தி (ஞாயிறு, பிற்பகல் 1:15)

ஐயா சொன்ன முனை விடயம் மிக முக்கியம். இரசிகன் முதல் பதிவில் போட்டவுடனேயே தெளிவாக இருந்தது என்கிறார். அந்த உடனடி மாற்றத்தை நான் நம்புகிறேன், அது பழகுவதோடு சம்பந்தப்பட்டதில்லை. பழைய வயரை எறிந்துவிட்டீர்களா? இருந்தால் வைத்திருங்கள், அளந்து பார்ப்போம்.

இணுவில் இரசிகன் (ஞாயிறு, இரவு 8:30)

மாற்றிப் பார்த்தேன் அண்ணை. மூன்று தரம் மாற்றினேன், கடைசித் தரம் தங்கச்சியை மாற்றச் சொல்லிவிட்டு நான் வெளியே நின்று, பிறகு உள்ளே வந்து கேட்டேன். மெலிவு வலது பெட்டியோடுதான் நிற்கிறது. எந்த வயர் போட்டாலும் அப்படித்தான்.

கேட்டது பொய் இல்லை என்பதில் எனக்குச் சந்தோசம். இத்தனை நாளும் வயருக்குப் பாராட்டுச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன், வேலை செய்தது ஃபோம்.

ரொரன்ரோ நல்லூரான் (ஞாயிறு, இரவு 9:20)

சரி, உன் பெட்டிக்கு ஃபோம்தான் காரணம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் பெட்டி ஐந்து வருடப் பழசு. அதில் ஃபோம் மாற்றவில்லை, வயர் மட்டும்தான் மாற்றினேன். நான் கேட்ட மாற்றத்துக்கு என்ன பதில்? மேல்சுரம் இளகியதை நான் கற்பனை செய்யவில்லை.

மானிப்பாய் மோகனம் (ஞாயிறு, இரவு 9:55)

தம்பி, உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், முதல் கிழமைச் சத்தத்தையும் மூன்றாம் கிழமைச் சத்தத்தையும் எப்படி ஒப்பிட்டீர்கள்? முதல் கிழமை வயர் இப்போது இல்லை, அதன் ஞாபகம்தான் இருக்கிறது. ஒரு சுரம் எவ்வளவு கூராக இருந்தது என்பதை மனம் சில செக்கனுக்கு மேல் அப்படியே வைத்திருக்காது. என் மாணவிகளுக்கு ஒரு சுருதியைக் காட்டிவிட்டு ஒரு நிமிடம் கதைத்த பிறகு திரும்பப் பாடச் சொல்வேன். நல்ல ஞானம் உள்ள பிள்ளைகளே நழுவுவார்கள். மூன்று கிழமை என்றால்?

ஓடிய வயர் ஒன்றும் ஓடாத வயர் ஒன்றும் பக்கத்தில் இருந்தால்தான் நியாயமாகக் கேட்கலாம்.

ரொரன்ரோ நல்லூரான் (ஞாயிறு, இரவு 10:05)

அது இருக்கிறது ரீச்சர்! கோண்டாவிலில் தம்பிக்குக் கொடுத்த சோடி இன்னும் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்குள் இருக்கிறது. ஒரே கடை, ஒரே நாள் வாங்கியது. தம்பியிடம் சொல்லிவிட்டேன், பிரியுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், புது வயரை அதிக நேரம் ஓட விடாதீர்கள், சோதனைக்குள்ளேயே பழகிவிட்டது என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது.

சுன்னாகம் சவுண்ட் (ஞாயிறு, இரவு 10:30)

அடுத்த ஞாயிறு என் கடைக்கு வாருங்கள். நன்றாக ஓடிய பெட்டி இருக்கிறது. வேட்டி ஒன்று திரையாகக் கட்டுகிறேன்.

பௌதிக வாத்தி (அடுத்த ஞாயிறு, மாலை 6:40)

சோதனை முடிந்தது. நடந்ததை முழுவதும் எழுதுகிறேன், ஏனென்றால் செய்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் அளவு. சாதாரண மல்டிமீற்றரின் ஓம் பக்கம் 41 மில்லி ஓமைக் காட்டாது. அதனால் மோட்டார் சைக்கிள் சிக்னல் பல்ப் ஒன்றை, 12 வோல்ட் 21 வாற், பற்றரியோடு தொடுத்து, ஓடிய வயர், புது வயர், இரசிகனின் பழைய வயர் மூன்றையும் ஒரே சுற்றில் தொடராகப் போட்டோம். ஒரே ஓட்டம் மூன்றிலும் போகிறது, ஆகவே ஒவ்வொன்றுக்கும் குறுக்கே மில்லிவோல்ட்டை வாசித்தால் நேராக ஒப்பிடலாம். வீட்டில் எவரும் செய்யலாம். ஓடிய வயர் 72, புது வயரும் 72, கடைசி இலக்கம் மட்டும் இரண்டிலும் ஆடியது. பழைய வயர் 1 சதுர மில்லிமீற்றர், கணக்குப்படி 180 வர வேண்டும். வந்தது 600. அசைத்தால் 300க்கு இறங்கி மறுபடி ஏறியது. முனையை உரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு அங்குலத்துக்குப் பச்சை. தும்பளை ஐயா சொன்னது அப்படியே.

பிறகு காது. சவுண்ட் அண்ணையின் மகன் திரைக்குப் பின்னால் நாணயம் சுண்டி, பூ என்றால் புதுசு, தலை என்றால் ஓடியது, 16 தரம். ஒவ்வொரு தரமும் வயரைக் கழற்றிப் போட வேண்டும், அதே வயர் வந்தாலும் கழற்றித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் நேரத்தை வைத்தே பிடித்துவிடலாம். அவன் எங்களோடு கதைக்கக் கூடாது. 12 சரி வந்தால் கேட்கிறது என்று எடுப்போம் என முன்னரே எழுதிவைத்தோம். குருட்டாம்போக்கில் 12 அல்லது அதற்கு மேல் வர நூற்றுக்கு நாலுக்கும் குறைந்த வாய்ப்புத்தான்.

இரசிகன் 7. சவுண்ட் அண்ணை 8. மோகனம் ரீச்சர் 9.

காது களைத்துவிட்டதா, அறை சரியில்லையா என்ற ஐயம் வரும் என்பதால் ரீச்சர் இன்னொரு சுற்றுக் கேட்டார்: புது வயருக்கு எதிராகப் பச்சை பிடித்த பழைய வயர். அதில் அவர் 16இல் 14 சரி. ஆகவே அறையும் காதும் நன்றாகத்தான் இருந்தன.

மானிப்பாய் மோகனம் (அடுத்த ஞாயிறு, இரவு 7:30)

அந்த 14இல் நான் சத்தத்தின் அளவைப் பார்க்கவில்லை. நாதஸ்வரம் மேல் ஷட்ஜத்தில் நின்று கார்வை கொடுக்கும் இடத்தில், பழைய வயரில் ஒரு மெல்லிய கரகரப்பு விட்டு விட்டு வருகிறது. அந்த ஓர் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். தவறிய இரண்டு தரமும் கரகரப்பு வராமல் போன தரங்கள்.

முதல் சுற்றில் 16 தரமும் எதைப் பிடிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் தரம் உறுதியாக இதுதான் புதுசு என்று சொன்னேன், மனதில் துளி சந்தேகம் இருக்கவில்லை. அது ஓடிய வயர்.

ரொரன்ரோ நல்லூரான் (அடுத்த ஞாயிறு, இரவு 9:10)

முழுவதும் இரண்டு தரம் படித்தேன். என் காசு, என் நம்பிக்கை, இரண்டும் இதில் இருந்ததால் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. ரீச்சர் எழுதிய அந்த ஐந்தாம் தரம்தான் என்னைத் தொட்டது. அதே உறுதியோடுதான் நானும் மூன்று கிழமை இருந்தேன்.

ஒரு விடயம் ஞாபகம் வருகிறது. முதல் கிழமை நான் வேலையால் வந்து மாலை ஆறு மணிக்குக் கேட்டேன், வெளியே தெருவெல்லாம் இரைச்சல், சத்தத்தைக் கூட்டித்தான் வைப்பேன். மூன்றாம் கிழமை விடுமுறை, இரவு ஒரு மணிக்குக் குறைத்து வைத்துக் கேட்டேன். கூராகக் குத்தியது இளகியதற்கு அது போதும் என்று இப்போது படுகிறது. வயர் நல்ல வயர், வைத்திருப்பேன். அந்தத் துண்டுத்தாளை மட்டும் இனி யாருக்கும் காட்ட மாட்டேன்.

ஒரு கேள்வி மிச்சம். 200 மணி நேரம் என்று எதற்காக எழுதுகிறார்கள்?

சுன்னாகம் சவுண்ட் (அடுத்த ஞாயிறு, இரவு 9:40)

தினம் இரண்டு மணி நேரம் கேட்கிற மனிதனுக்கு 200 மணி என்பது மூன்று மாதத்துக்கு மேல். அதற்குள் காது பழகிவிடும், சாமானைத் திருப்பிக் கொடுக்கிற நாளும் போய்விடும். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு பெட்டிக்கு ஃபோம் ஒட்டக் காசு பார்க்கிற பிள்ளைகள் என் கடைக்கு வருகிறார்கள். வயருக்குக் கொடுக்கிற காசை அதுக்குக் கொடுத்தால் கேட்கிற மாற்றம் வரும்.

இணுவில் இரசிகன் (பதினொரு நாள் கழித்து, வியாழன், இரவு 9:15)

வலது பெட்டி பற்றி எழுதச் சொல்லிச் சவுண்ட் அண்ணை கேட்டிருந்தார். நேற்று அதே மோனோப் பதிவைப் போட்டேன். தவில் இப்போது நடுவில் நிற்கிறது. தொப்பி இரண்டு பக்கமும் ஒரே அளவு. வயர்களை மாற்றியும் பார்த்தேன், அசையவில்லை.

அண்ணை, இந்த ஃபோம் எத்தனை வருடம் தாங்கும்? எங்கள் வீடு கடலில் இருந்து கொஞ்சம் தூரம்தான், ஆனாலும் முந்தினது உக்கிக் கொட்டிவிட்டதே.

சுன்னாகம் சவுண்ட் (வியாழன், இரவு 9:50)

ஃபோமை ஈரமும் வெயிலும்தான் தின்னும். யன்னலுக்கு நேரே வைக்காதே, மாரிக்குப் பெட்டியைச் சுவரில் முட்டாமல் வை. அடுத்த முறை மாற்றும்போது ரப்பர் வளையம் கிடைத்தால் போடலாம், நீண்ட நாள் நிற்கும். ஆனால் பாரம் கூட, உன் கூம்புக்குப் பொருந்துமா என்று நான் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், கழற்றிக்கொண்டு வா. பிளக் இல்லாத வயர் என்றால் முனையை வருடத்துக்கு ஒருக்கா வெட்டிப் புதிதாக உரிக்க வேண்டும். உன்னுடையது பிளக்கோடு இருப்பதால் நீ கழற்றித் துணியால் துடைத்துப் போட்டாலே போதும்.